45 பவுனுக்கு வாங்கிய நூல்கள்



சந்தாப் பணத்தில் நடைபெறும் நூல்நிலையத்தில் பணம் அங்கத்தினர் அனைவருக்கும் உரியது. நூல்களைத் தேர்ந்தெடுப்பவரோ ஒரு சிலர். அந்தச் சிலர் எதனை அளவுகோலாகக் கொள்ள வேண்டும்? இக்கேள்வி எழும்போதெல்லாம் அமெரிக்காவிலுள்ள பிலடெல்பியா நகரத்து நூல்நிலையமே என் நினைவுக்கு வருகிறது.

1731-ஆம் ஆண்டில், அச்சுத் தொழில் செய்துவந்த பெஞ்சமின் பிராங்க்ளின் தம் நண்பர்களுடன் அதனைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 25. 50 பேர் ஆளுக்கு 40 ஷில்லிங் முதலிற் செலுத்தி, ஆண்டுதோறும் 10 ஷில்லிங் தர இசைந்தனர். அவர்களிற் பெரும்பாலோர் தொழிலும் வாணிகமும் செய்து பிழைத்த இளைஞர். நல்ல நூல் வேண்டுமாயின் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரவழைக்க வேண்டிய காலம் அது. 1732 மார்ச்சில் 45 பவுனுக்குரிய பட்டியல் இலண்டனுக்குச் சென்றது. நூல்கள் வந்து சேர்ந்தது அக்டோபரில். ஒரு நூலைத் தவறாகத் தேர்ந்தால் எத்துணை இழப்பு என்பதை எண்ணிப் பாருங்கள்!

அவர்கள் ஜேம்ஸ் லோகன் என்னும் பேரறிஞரிடம் யோசனை கேட்டனர். அவர் இலத்தீனிலும் கிரேக்கத்திலும் வல்லவர். ஆயினும் பட்டியலில் இடம்பெற்றவை பெரும்பாலும் ஆங்கில நூல்களே. வர்ஜிலின் காவியமும் டிரைடனின் ஆங்கில மொழிபெயர்ப்பாகவே வந்தது. அறிஞரிடம் கேட்டது யோசனை. நூலைப் படிக்கப் போகிறவர் அங்கத்தினர். இந்த வேறுபாட்டை அவர்கள் மறக்கவில்லை.

அங்ஙனமாயின் எளிய நூல்களை மட்டுமே வாங்கினரோ? இல்லை. இலக்கணம், அகராதி, வரலாறு, உழவு, கட்டடக் கலை ஆகியவற்றோடு, வானநூலும் கூம்பு வெட்டுக் கணிதமும் இருந்தன. இன்று எட்டாவிடினும் முயன்றால் நாளை எட்டும் நூல்கள் அவை. படிப்பவனுக்குப் புரிய வேண்டும். அவனை ஒரு படி உயர்த்தவும் வேண்டும். இதுவே தக்க அளவுகோல் என்பது என் கருத்து.

அப்பட்டியலின் இறுதியில் அவர்கள் கேட்டிருந்தவை நூல் விவரப் பட்டியல்கள். முதல் நூல் கைக்கு வருமுன்பே அடுத்துத் தேர வேண்டியவற்றை எண்ணிவிட்டனர்! அந்நூல்நிலையம் இன்றும் ஆராய்ச்சி நூலகமாக விளங்குகிறது.

நண்பர்களே, உங்கள் நூல்நிலையத்தில் ஒரு நூலை வாங்கும்படி எழுதும்போது, அதன் பெயரோடு நின்றுவிடாதீர்கள். உங்களுக்குப் பின் அதனை எடுத்துப் படிக்கக் கூடியவர் யார் என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். அந்த ஒரு வரியைச் சிந்தித்து எழுதுபவன் பொதுப் பணத்தின் அருமையை உணர்ந்தவன் ஆவான்.