பொறியியல் நுழைவுத் தகுதி: தளர்வு யாருக்காக?

(கல்வி குறித்த கட்சி வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் சுருக்கம்)



2021 மார்ச் மாதம் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமம் 2021-22ஆம் ஆண்டுக்கான அங்கீகாரக் கையேட்டை வெளியிட்டது. பி.இ., பி.டெக். சேர்க்கைக்கு மேல்நிலைக் கல்வியில் இயற்பியலும் கணிதமும் கட்டாயம் என்ற பழைய விதி அதில் மாறியிருந்தது. 14 பாடங்கள் கொண்ட பட்டியலில் ஏதேனும் மூன்றைப் படித்திருந்தால் போதும். உயிரியல், வேளாண்மை, வணிகவியல் பாடம், தொழில்முனைவு ஆகியவையும் அப்பட்டியலில் இருந்தன. விடுபட்ட கணிதத்தையும் இயற்பியலையும் பல்கலைக்கழகங்கள் இணைப்பு வகுப்புகளில் கற்பிக்க வேண்டுமாம். கண்டனம் எழுந்ததும் சில நாட்களிலேயே விளக்கம் வந்தது: அவ்விரு பாடங்களும் தொடர்ந்து முக்கியமே, தளர்வை ஏற்பது மாநிலங்கள், பல்கலைக்கழகங்களின் விருப்பம். தேசியக் கல்விக் கொள்கை 2020 வலியுறுத்தும் நெகிழ்வு காரணமாகக் காட்டப்பட்டது.

கதவு அகலத் திறப்பதை எதிர்க்கத் தொழிலாளி வர்க்கத்துக்குக் காரணமில்லை. கணித ஆசிரியரோ இயற்பியல் ஆய்வகமோ இல்லாத பள்ளியில் படித்த தலித், ஆதிவாசி மாணவி கணிதத்தை விரும்பிக் கைவிடவில்லை. அது அவளுக்குக் கிடைக்கவே இல்லை. அவளை உள்ளே அழைப்பது நியாயம். ஆனால் மாறுமின்னோட்டச் சுற்றைப் புரிந்துகொள்ளச் சிக்கலெண்களும் நுண்கணிதமும் வேண்டும். பாலத்தின் உத்தரம் எவ்வளவு வளையும் என்று கணக்கிட வகைக்கெழுச் சமன்பாடு வேண்டும். இரண்டாண்டுகளில் கற்கும் பாடத்தைச் சில வாரங்களில் புகட்ட முடியுமா? முதற்பருவத் தேர்விலேயே அவள் தோற்பாள். கட்டணமும் கல்விக் கடனும் மட்டும் நிற்கும். கல்லூரிக்கு இழப்பேதும் இல்லை.

இருக்கைகள் ஏராளமாகக் காலியாகக் கிடந்ததால்தான், புதிய பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி வழங்குவதை 2020-21 முதல் இதே குழுமம் பொதுவாக நிறுத்திவைத்திருந்தது. அடுத்த ஆண்டே நுழைவுத் தகுதியில் இத்தளர்வு. இரண்டையும் சேர்த்துப் படிக்காமலிருப்பது கடினம்.

மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். ஐ.ஐ.டி.கள் இக்குழுமத்தின் அங்கீகார வரம்புக்குள் வருவதில்லை. ஜே.இ.இ. பொறியியல் தேர்வில் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் அப்படியே தொடர்கின்றன. கோட்டா நகரப் பயிற்சி நிலையங்களில் இலட்சங்கள் செலவிட வல்லவரின் பாதையில் ஒரு கல்லும் நகரவில்லை. "நெகிழ்வு" வந்திருப்பது சாதாரணக் கல்லூரிகளை நாடும் ஏழை வீட்டுப் பிள்ளைக்கு மட்டுமே.

ஆகவே மாணவர் அரங்கத் தோழர்கள் கோரிக்கையை முழுமையாக வைக்க வேண்டும். "பழைய விதியே போதும்" என்று மட்டும் சொன்னால், வாசலில் நிற்கும் அந்த மாணவியைத் திருப்பி அனுப்பியவர்களாவோம். காலியான கணித, இயற்பியல் ஆசிரியர் பணியிடங்களை அரசுப் பள்ளிகளில் நிரப்புக. தகுதி தளர்த்தப்படும் இடத்தில், அரசு செலவில், உதவித்தொகையுடன், அவரவர் தாய்மொழியில் ஓராண்டு முழு ஆயத்தப் படிப்பு வழங்குக. அந்த ஆண்டுக்குக் கல்லூரிகள் கட்டணம் பெறுவதைத் தடை செய்க.