நம்பி அடுப்பைப் பற்ற வைக்கலாம்!



‘பிரபல சமையல் கலைஞர்களின் புத்தகங்களை நம்பிச் சமைக்கலாமா? நம்பக் கூடாதா?’ என்பது தலைப்பு. தாராளமாக நம்பிச் சமைக்கலாம் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய சகோதரி ஒரு கேள்வி கேட்டார். “புத்தகத்தைத் திறந்தா ‘உப்பு தேவையான அளவு’ன்னு போட்டிருக்கு. எவ்வளவு தேவைன்னு எனக்கே தெரிஞ்சா நான் எதுக்குக் காசு கொடுத்துப் புத்தகம் வாங்கறேன்?” என்றார். அரங்கமே கைதட்டியது. நானும் தட்டினேன். நல்ல கேள்விக்குத் தட்டத்தானே வேண்டும்? பதில் வைத்திருக்கிறேன், வருகிறேன்.

அதற்கு முன்னால் எதிரணித் தலைவருக்கு ஒரு வார்த்தை. “பிரபலமான சமையல்காரர், அவர் பேரில் ஒரு புத்தகம், இதெல்லாம் டி.வி. வந்த பிறகு வந்த மோகம்” என்றார். ஐயா, நானும் நீங்களும் தமிழ் படித்தவர்கள். பத்துப்பாட்டிலே சிறுபாணாற்றுப்படை இருக்கிறதே, மறந்து போச்சா? ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பற்றி நத்தத்தனார் பாடியது. அந்த மன்னன் வீட்டு விருந்தைச் சொல்லும்போது புலவர் என்ன சொல்கிறார்? அருச்சுனனுக்கு ஓர் அண்ணன் இருக்கிறானே, பீமன், அவன் செய்த நுட்பமான நூலிலிருந்து கொஞ்சமும் வழுவாமல் சமைத்த பலவகை உணவை, பொன் கலத்தில் வைத்து, மன்னன் தானே பக்கத்தில் நின்று ஊட்டுவான் என்கிறார். பிரபலம் யார்? பீமன். புத்தகம் இருந்திருக்கிறது. அதைப் பார்த்துச் சமைக்கிற ஆளும் இருந்திருக்கிறான். ‘வழுவாமல்’ என்கிறார் பாருங்கள், அங்கேதான் இருக்கிறது நம்முடைய தலைப்பு! (கைதட்டல்)

பீமன் உண்மையிலேயே உட்கார்ந்து எழுதினானா என்று கேட்பீர்கள். நளன் பேரிலேகூட ‘பாகதர்ப்பணம்’ என்று வடமொழியில் ஒரு சமையல் நூல் இருக்கிறது. நளன்தான் எழுதினான் என்று நான் சத்தியம் செய்யத் தயாராக இல்லை. பிரபலத்தின் பேரைப் போட்டால் நூல் விலைபோகும் என்பது அப்போதே தெரிந்திருக்கிறது. இதில் எதிரணிக்கு ஒரு மதிப்பெண் கொடுத்துவிடுகிறேன். அட்டையில் இருக்கிற பெரிய பேர் மட்டும் உத்தரவாதம் ஆகாது. பிறகு எதுதான் உத்தரவாதம்? அதற்குத்தான் ஓர் அம்மையாரை இந்த மேடைக்கு அழைத்து வருகிறேன்.

எஸ். மீனாட்சி அம்மாள். புத்தகத்தின் பெயர் ‘சமைத்துப் பார்’. முதல் பாகம் வந்தது 1951-இல். சென்னைக்குத் தொலைக்காட்சி வந்தது 1975-இல். ஆக, திரையில் முகத்தைக் காட்டாமலேயே வீட்டுக்கு வீடு பிரபலமானவர் அவர். இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். குடும்பப் பொறுப்பைத் தோளில் போட்டுக்கொண்டவர். உறவினர் கே.வி. கிருஷ்ணசுவாமி ஐயரின் தூண்டுதலால் தனக்குத் தெரிந்த சமையலை எழுத ஆரம்பித்தார். சமையல் அறையில் ஒரு பெண் செய்கிற வேலைக்கு எந்தப் பட்டமும் இல்லாத காலத்தில், அதை அச்சில் ஏற்றினார். கல்யாணம் ஆகி டில்லிக்கும் பம்பாய்க்கும் குடித்தனம் போன பெண்களின் பெட்டியில் பட்டுப் புடவையோடு இந்தப் புத்தகமும் போனது.

ஏன் போனது என்பதை யோசித்துப் பாருங்கள். அதுவரைக்கும் கூட்டுக் குடும்பம். மாமியார் பக்கத்தில் நின்று, “புளி போதும்டீ, நிறுத்து” என்று சொல்வார். சில பேர் வேறு தொனியிலும் சொல்வார்கள். (சிரிப்பு) திடீரென்று கணவருக்கு வடக்கே வேலை. அக்கம்பக்கத்தில் பேசுகிற பாஷை தெரியாது. ஊருக்குக் கடிதம் போட்டால், ரசம் வைப்பது எப்படி என்று பதில் வருவதற்குள் பருப்பு புளித்துப்போகும். அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை என்பதை மனத்தில் வைத்து மீனாட்சி அம்மாள் எழுதினார். எத்தனை ஆழாக்கு, எதை முதலில் போடுவது, எதை அப்புறம் போடுவது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போவார். புத்தகத்தை நம்பலாமா என்று என்னைக் கேட்டால், எழுதியவர் எத்தனை பிரபலம் என்று பார்க்க மாட்டேன். எதிரே உட்கார்ந்திருக்கிறவர் ஒன்றுமே தெரியாதவர் என்று நினைத்து எழுதியிருக்கிறாரா என்றுதான் பார்ப்பேன்.

‘சமைத்துப் பார்’ என்ற தலைப்பையே பாருங்களேன். ‘என்னை நம்பு’ என்று சொல்லவில்லை. செய்து பார்த்துவிட்டுச் சொல் என்கிறார். சோதனைக்குத் தன்னையே ஒப்புக்கொடுக்கிற தலைப்பு அது.

“ஆழாக்கு என்றால் இன்றைக்கு யாருக்குத் தெரியும்? அளவே செத்துப்போன புத்தகம் எப்படி வழிகாட்டும்?” என்று நண்பர் கேட்டார். சரி, தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எட்டு ஆழாக்கு ஒரு படி. எடையில் நாற்பது பலம் ஒரு வீசை. பலம் என்பது ஏறத்தாழ 35 கிராம், வீசை 1 கிலோ 400 கிராம். அந்தப் படியும் ஊருக்கு ஊர் வேறு வேறு! 1956-இல் சட்டம் கொண்டுவந்து, கொஞ்சம் கொஞ்சமாக லிட்டருக்கும் கிலோவுக்கும் மாறினோம். ஆழாக்கு பரணுக்குப் போய்விட்டது. ஆனால் இட்லிக்கு அரிசி நாலு, உளுந்து ஒன்று என்றால், நீங்கள் ஆழாக்கால் அளந்தாலும் ஒன்றுதான், உடைந்த காபி டம்ளரால் அளந்தாலும் ஒன்றுதான். கடைசிவரை அதே டம்ளரைப் பிடித்துக்கொண்டால் போதும், விகிதம் மாறாது.

இன்றைக்குப் புதிய புத்தகங்களில் ‘கப்’ என்கிறார்கள். எந்தக் கப்? அமெரிக்கக் கப் சுமார் 240 மில்லி, ஜப்பான் கப் 200 மில்லி. டேபிள் ஸ்பூன் நமக்கு 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் 20 மில்லி. ஒரு புத்தகத்தின் கப்பும் இன்னொரு புத்தகத்தின் ஸ்பூனும் கலந்து சமைத்துவிட்டு, “அவர் புத்தகம் சரியில்லீங்க” என்றால் எந்த ஆசிரியர் என்ன செய்வார்?

இப்போது சகோதரியின் உப்புக்கு வருகிறேன். ஒரு ஸ்பூன் கல் உப்பும் ஒரு ஸ்பூன் தூள் உப்பும் ஒரே எடை இல்லை அம்மா. தூளில் இடைவெளி குறைவு, அதனால் எடை அதிகம். ஒரு ஸ்பூன் என்று எழுதிவிட்டால், கல் உப்பு வீட்டில் சப்பென்று இருக்கும், தூள் உப்பு வீட்டில் கரிக்கும். புளியும் அப்படித்தான். பழைய புளி ஒரு புளிப்பு, புதுப் புளி ஒரு புளிப்பு. அதனால்தான் அந்த இடத்தில் பேனா தயங்குகிறது. அதற்காக ‘தேவையான அளவு’ என்று மொட்டையாக விட்டுவிட்டுப் போவதும் நியாயம் இல்லை. முதலில் இவ்வளவு போடு, ருசி பார்த்துவிட்டு மேலே போடு என்றாவது சொல்ல வேண்டும். சொல்லாத ஆசிரியரைக் காப்பாற்ற நான் வரவில்லை. அவரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். (சிரிப்பு)

வெங்காயமும் ஒரு வழக்கு. ‘ஐந்து நிமிடம் வதக்கினால் பொன்னிறமாகும்’ என்று பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் எழுதியிருக்கிறார்கள். நடுவர் அவர்களே, நாலு பெரிய வெங்காயம் நல்ல பழுப்பு நிறத்துக்கு வர அரை மணிக்குக் குறையாது. ஐந்து நிமிடத்தில் பொன்னிறம் ஆவது டி.வி.யில் மட்டும்தான். அங்கே மேஜைக்கு அடியில் ஏற்கெனவே வதக்கிய கிண்ணம் ஒன்று தயாராக இருக்கும். கேமரா நேரத்தை விழுங்கிவிடும். எதிரணி சொன்ன குறைகளில் பாதி, புத்தகத்தின் மேல் சுமத்தப்பட்ட டி.வி. குறை. நல்ல சமையல் நூல் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லாது, வாணலியைப் பார்க்கச் சொல்லும். எண்ணெய் பிரிந்து வரும்வரை கிளறு. பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார், உருண்டை வந்தால் இறக்கு. உங்கள் அடுப்பு எரிவாயுவோ மின்சாரமோ விறகோ, உருண்டைக்கு அது பற்றிக் கவலை இல்லை.

மூன்றாவதாகப் பேசிய நண்பர் நம்மை லண்டனுக்கே கூட்டிக்கொண்டு போனார். ரிவர் கஃபே என்ற பேர்பெற்ற உணவகம் 1995-இல் வெளியிட்ட புத்தகத்தில் ஒரு சாக்லேட் கேக். அதைப் பார்த்து வீட்டில் செய்தவர்கள் பல பேருக்குக் கேக் வரவில்லை, கூழ்தான் வந்தது. உண்மை. அந்தக் கேக்குக்கு அவர்கள் வைத்த பேர் ‘நெமிசிஸ்’. கிரேக்கர்களின் பழிவாங்கும் தெய்வம்! பேரிலேயே எச்சரிக்கை இருக்கிறதே ஐயா, படித்துவிட்டுத்தானே செய்ய வேண்டும்? (பலத்த சிரிப்பு, கைதட்டல்) வேடிக்கை இருக்கட்டும். பெரிய உணவகத்து அடுப்பில் கைதேர்ந்தவர் செய்வதை வீட்டு அடுப்புக்கு இறக்கும்போது வருகிற சிக்கல் அது.

அந்தச் சிக்கலுக்குப் பயந்து உழைத்தவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ஜூலியா சைல்டு. பிரெஞ்சுச் சமையலைத் தன் நாட்டு வீட்டு அடுப்புக்குக் கொண்டுவந்தவர், தொலைக்காட்சியிலும் புகழ்பெற்றவர். 1970-இல் வந்த அவருடைய இரண்டாம் பாகத்தில் பிரெஞ்சு ரொட்டிக்கு ஒரு குறிப்பு. அது சரியாக வருகிறதா என்று பார்க்க அவரும் கணவரும் செலவழித்த மாவு 284 பவுண்டு. நம் கணக்கில் கிட்டத்தட்ட 129 கிலோ! ஒரே ஒரு ரொட்டிக்கு! அந்தக் கணவர் எத்தனை நாள் அதையே சாப்பிட்டாரோ, பாவம். இங்கிலாந்தில் டெலியா ஸ்மித் 1998-இல் தன் தொலைக்காட்சித் தொடரையும் புத்தகத்தையும் முட்டை வேகவைப்பதிலிருந்து தொடங்கினார். சக சமையல் கலைஞர்களே கேலி செய்தார்கள். “முட்டை வேகவைக்கத் தெரியாதவன் இருக்கிறானா?” இருக்கிறான் ஐயா. இந்த அரங்கத்திலேயே இருக்கிறான், நான் விரல் நீட்ட மாட்டேன். (சிரிப்பு)

நம் ஊரிலும் குறைவில்லை. மல்லிகா பத்ரிநாத் 1988-இல் கிரேவி வகைகளோடு புத்தகம் போட ஆரம்பித்தார். செஃப் தாமு 2010-இல் 24 மணி நேரத்துக்கும் மேலாக நின்று, 600-க்கும் அதிகமான பண்டங்களைச் சமைத்து கின்னஸில் ஏறினார். சாதனையைப் பார்த்து வியக்கலாம். ஆனால் ஒரு குடும்பத்துக்கு வேண்டியது 600 அல்ல, செவ்வாய்க்கிழமை ராத்திரிக்கு ஒன்று. அந்த ஒன்றைச் சொல்கிற பக்கம் எங்கே என்றுதான் புத்தகத்தைத் திறக்கிறோம்.

“கைப்பக்குவத்துக்கு முன்னால் புத்தகம் எம்மாத்திரம்?” என்று முடித்தார்கள். கைப்பக்குவம் பெரிதுதான், யார் மறுத்தார்கள்? அந்தக் கை இல்லாமல் போன வீட்டில் என்ன செய்வது? அதைச் சொல்லுங்கள்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். நாற்பத்தேழு வருஷ தாம்பத்தியம். போன ஐப்பசியில் அந்த அம்மா தவறிவிட்டார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில். மனிதருக்கு வெந்நீர் வைப்பதுகூடப் புதுசு. மூன்று வேளையும் மெஸ் சாப்பாடு. இரண்டு மாதத்தில் உடம்பு பாதி ஆகிவிட்டது. ஒரு நாள் அலமாரியைக் குடைந்தபோது, அட்டை போன ‘சமைத்துப் பார்’ கிடைத்திருக்கிறது. எடுத்துக்கொண்டு நேரே என் வீட்டுக்கு வந்துவிட்டார். “சார், இதைப் பாருங்க” என்று திறந்து காட்டினார்.

ஓரமெல்லாம் பென்சில் எழுத்து. ரசப் பக்கத்தில், ‘பெருங்காயம் பாதி போதும்’. ஒரு குழம்புக்குப் பக்கத்தில், ‘இவருக்குக் காரம் ஆகாது, மிளகாய் 4’. ஒரு பட்சணத்துக்குக் கீழே, ‘தலை தீபாவளிக்குச் செய்தது, நன்றாக வந்தது’. இன்னோர் இடத்தில் வெறும் ஒரு பெருக்கல் குறி. அங்கே என்ன நடந்ததோ! (சிரிப்பு)

“நாற்பத்தேழு வருஷமா எனக்குக் காரம் ஆகாதுன்னு அவ ஒரு நாள்கூட வாயால சொன்னதில்ல சார். எங்கேயோ எழுதி வெச்சிருக்கா” என்றார். நான் ஒன்றும் பேசவில்லை.

அச்சில் இருந்த அளவு மீனாட்சி அம்மாளுடையது. பென்சில் அளவு அந்த வீட்டு அம்மாளுடையது. இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, எழுபத்திரண்டு வயதில் ஒருவர் அடுப்பைப் பற்ற வைக்கிறார். முதல் நாள் ரசம் கொஞ்சம் கசந்ததாம். இரண்டாம் நாள் தேவலையாம். போன வாரம் எனக்கு ஒரு தூக்கில் கொடுத்தனுப்பினார். சுடச்சுடக் குடித்தேன். பெருங்காயம் பாதிதான் போட்டிருந்தார்.

நேற்று மாலை மார்க்கெட்டில் பார்த்தேன். கையில் சுண்டைக்காய் வற்றல் பொட்டலம். “நாளைக்கு வத்தக்குழம்பு சார். பக்கத்த மடிச்சு வெச்சிருக்கா” என்றார்.

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா. தீர்ப்பை உங்களிடம் விட்டுவிடுகிறேன். (பலத்த கைதட்டல்)