ஜெமினிக்கு வந்த கவிஞரை யாரும் எதுவும் கேட்கவில்லை

(நம் குடியிருப்பின் ‘எழுத்தாளரோடு ஒரு மாலை’ நிகழ்ச்சியின் தொடக்கத்தில் பேசியது)

மைக் கொஞ்சம் கரகரக்கிறது, பின்வரிசையில் இருப்பவர்கள் முன்னால் வந்துவிடுங்கள்.

சென்ற முறை நடந்தது உங்களுக்குத் தெரியும். ஒரு நாவலாசிரியரை அழைத்திருந்தோம். அவர் கதையில் வரும் தேர்தலைப் பற்றி ஒருவர் கேட்டார், இன்னொருவர் குரலை உயர்த்தினார், இரண்டு குடும்பங்கள் எழுந்து போயின. இப்போது சங்கத்துக்கு ஒரு மனு வந்திருக்கிறது. எழுத்தாளர் வந்தாலும் நடிகர் வந்தாலும் இலக்கியம் மட்டும் பேசலாம், அரசியலும் சரித்திரமும் வேண்டாம் என்கிறது மனு. அடுத்த வாரம் செயற்குழு முடிவெடுக்கும். கையெழுத்துப் போட்டவர்களில் என் நண்பர்களும் உண்டு. கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்ற தைரியத்தில் ஒரு பழைய சம்பவத்தைச் சொல்கிறேன்.

இங்கிருந்து ஆட்டோ பிடித்தால் பத்து நிமிடத்தில் ஜெமினி மேம்பாலம். அந்தப் பெயர் அங்கே இருந்த எஸ்.எஸ். வாசனின் ஸ்டூடியோவால் வந்தது. அங்கே 1952 முதல் 1966 வரை ஒரு இளைஞர் வேலை பார்த்தார். பத்திரிகைகளைக் கத்தரித்து, தலைப்புவாரியாகக் கோப்பில் சேர்ப்பது அவருடைய வேலைகளில் ஒன்று. பார்க்கிறவர்களுக்கு அவர் சும்மா உட்கார்ந்திருப்பதாகத் தோன்றுமாம். அவர்தான் அசோகமித்திரன். ஜெமினி நாட்களைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதியதில் ஒரு பகுதி சிபிஎஸ்இ பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் இருக்கிறது. நம் வீட்டுப் பிள்ளைகள் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்வார்கள். நாம் ஒருமுறை வாங்கிப் படிக்கலாம்.

ஜெமினியில் நல்ல மெஸ் இருந்தது. எந்த நேரமும் காபி கிடைக்கும். கவிஞர்கள் வருவார்கள். கதை இலாகாவில் கொத்தமங்கலம் சுப்பு இருந்தார், ‘தில்லானா மோகனாம்பாள்’ எழுதியவர். பெரும்பாலோர் கதர் உடுத்தினார்கள், காந்தியைக் கும்பிட்டார்கள். அதற்கு மேல் அரசியல் சிந்தனை என்று அவர்களிடம் ஒன்றுமில்லை, கம்யூனிசம் என்றால் மட்டும் ஒவ்வாமை என்று அசோகமித்திரன் சிரித்துக்கொண்டே எழுதுகிறார்.

அந்த இடத்துக்கு ஒரு நாள் இங்கிலாந்திலிருந்து ஒரு விருந்தினர் வந்தார். கவிஞர் என்றார்கள், இல்லை, பத்திரிகை ஆசிரியர் என்றார்கள். வாசன் நீண்ட வரவேற்புரை வாசித்தார். விருந்தினர் பேசினார். அவருடைய உச்சரிப்பு யாருக்கும் பிடிபடவில்லை. கூட்டம் வாய் பேசாமல் உட்கார்ந்திருந்தது. தமிழ்ப் படம் எடுக்கிற இடத்தில் ஆங்கிலக் கவிஞருக்கு என்ன வேலை? எல்லோர் மனதிலும் அந்தக் கேள்வி இருந்தது, யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. அவருக்கும் குழப்பம்தான். புறப்பட்டுப் போய்விட்டார்.

அவர் ஸ்டீபன் ஸ்பெண்டர் என்பது அசோகமித்திரனுக்குப் பின்னால்தான் புரிந்தது. பல வருடம் கழித்து மவுண்ட் ரோடு தபால் நிலையத்தின் எதிரே, நடைபாதைக் கடையில் ஐம்பது காசுக்கு ஒரு புத்தகம் வாங்கினார். ‘தி காட் தட் ஃபெயில்ட்’ என்று பெயர். கம்யூனிசத்தின் மேல் நம்பிக்கை வைத்து, அது உடைந்துபோன ஆறு எழுத்தாளர்களின் கட்டுரைகள். ஆறு பேரில் ஸ்பெண்டரும் ஒருவர். ஜெமினி வாசல் அவருக்குத் திறந்ததற்கு அவருடைய கவிதை காரணமில்லை, அவர் இழந்த அந்த நம்பிக்கைதான் காரணமாக இருக்கும் என்று அப்போது அவருக்குப் பட்டது. அதாவது, அந்த மத்தியானம் விளங்குவதற்கு அரசியல் தெரிந்திருக்க வேண்டியிருந்தது. இலக்கியம் மட்டும் பேசுவோம் என்றால் ஸ்பெண்டரோடு பேச எதுவும் மிஞ்சியிருக்காது. கவிஞர்கள் நிறைந்த வளாகத்தில் அந்த விஷயத்தைப் பிடித்தவர் பேப்பர் கத்தரித்த குமாஸ்தா என்பதையும் கவனியுங்கள். நம் கூட்டத்திலும் மூலையில் சும்மா உட்கார்ந்திருப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் கேட்கவிடுங்கள்.

சண்டை வருமே என்றால், வரும். சென்ற முறை வந்ததில் எனக்கும் பங்குண்டு, நடுவராக உட்கார்ந்திருந்த நான் மணியை அடிக்கவே இல்லை. அதனால் என் யோசனை இது. கேள்விகளைத் துண்டுச் சீட்டில் எழுதித் தாருங்கள், ஒருவருக்கு ஒன்று. எந்தத் தலைப்பையும் தள்ள மாட்டேன். விருந்தினரைக் கேட்கலாம், பக்கத்து நாற்காலிக்காரரைக் கேட்கக் கூடாது. மூன்று கூட்டம் இப்படி நடத்திப் பார்த்துவிட்டுச் செயற்குழு முடிவெடுக்கட்டும்.

இன்றைய விருந்தினர் நாடக நடிகர். லிஃப்டில் வந்துகொண்டிருக்கிறார். சீட்டுகள் பின்மேசையில் இருக்கின்றன, பேனா நான்குதான், எழுதிவிட்டு அடுத்தவருக்குக் கொடுங்கள்.