சிக்காகோவிற் கொடுத்த வாக்கு

தேர்தல் என்றதும் மேடையும் முழக்கமும் ஊர்வலமுமே பலருக்கும் நினைவில் எழுவன. மேடைக்குப் பின்னால், கதவைச் சாத்திய அறையிலே, எந்த மாநிலத்தார் எப்பக்கம் சாய்வர் என்று இரவிரவாகக் கணக்குப் பார்ப்போரை நினைப்பவர் சிலரே. அமெரிக்க ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன் அப்பதவிக்கு வந்த கதையிலும் அத்தகைய அறையொன்று உண்டு.

1860ஆம் ஆண்டு மே மாதம் சிக்காகோ நகரிலே குடியரசுக் கட்சியின் மாநாடு கூடிற்று. இதற்கெனப் பலகைகளால் எழுப்பிய மண்டபத்தில் ஏறத்தாழ 10,000 பேர் திரண்டிருந்தனர். அடிமைமுறை புதிய பிரதேசங்களுக்குப் பரவலாகாது என்பது அக்கட்சியின் அடிப்படைக் கொள்கை. அந்நாட்டில் அன்று ஏறக்குறைய 40 இலட்சம் மக்கள் அடிமைகளாய் இருந்தனர். ஆகவே அங்கே நடந்த பேரம் எதுவாயினும், அது வெறும் பதவிப் பேரமன்று.

கட்சியின் அபேட்சகராக வருவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தவர் நியூயோர்க்கைச் சேர்ந்த வில்லியம் சூவாட். அவருக்காகக் காரியம் பார்த்தவர் தேர்லோ வீட் என்னும் பத்திரிகாசிரியர். தேர்தல் தந்திரங்களிலே பழம் தின்று கொட்டை போட்டவர். லிங்கனின் பக்கத்திலோ, இலினோய் மாநிலத்தின் நீதிபதி டேவிட் டேவிஸ் நின்றார். பருத்த உடலினர், ஊர் ஊராகச் சென்று வழக்குக் கேட்டவர். சட்டத்தரணியாகிய லிங்கனும் அவருடன் கூடவே சென்று, சேற்றுப் பாதைகளிலே உழன்று, ஒரே சத்திரத்திற் படுத்தெழுந்த நண்பர். மாநாட்டின்போது லிங்கன் தமது ஊராகிய ஸ்பிறிங்பீல்டிலேயே தங்கிவிட்டார்.

அங்கிருந்து அவர் ஒரு செய்தி அனுப்பினார். பத்திரிகையொன்றின் ஓரத்திலே கைப்பட எழுதிய சில வரிகள். தம்மைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை எதனையும் செய்யவேண்டாம் என்பதே அதன் சாரம். அதைப் படித்த டேவிஸ், லிங்கன் இங்கே இல்லை, இங்குள்ள நிலைமையும் அவர் அறியார் என்று சொல்லி, மேற்கொண்ட வேலையைத் தொடர்ந்தார் என்பர்.

டேவிஸின் கணக்கிலே நியாயம் இல்லாமலில்லை. 1856ஆம் ஆண்டுத் தேர்தலிலே பென்சில்வேனியாவும் இந்தியானாவும் இலினோயும் கட்சியின் கையை விட்டுப் போயிருந்தன. அவற்றை மீட்காமல் ஜனாதிபதிப் பதவி கிட்டாது. பதவி கிட்டாமற் கொள்கையை நிறைவேற்றவும் இயலாது. பென்சில்வேனியாவின் வாக்குகளோ சைமன் கமெறன் என்பவரின் பிடியில் இருந்தன. அவர் பெயருக்கு அப்பொழுதே நல்ல மணம் இல்லை. அவருக்கு மந்திரிசபையில் இடம் உண்டு என்ற உறுதி, வாக்கெடுப்புக்கு முன்னைய இரவுகளில் ஒன்றிலே அவரது ஆட்களுக்குக் கொடுக்கப்பட்டது. இது திட்டமான வாக்கா, அல்லது நம்பிக்கையூட்டும் வார்த்தையா என்பதிலே வரலாற்றாசிரியர்கள் இன்றும் ஒருமிக்கவில்லை. இப்படிப்பட்ட வாக்குகள் ஏட்டிலே பதியப்படுவதில்லை அன்றோ!

மே 18ஆம் திகதி வாக்கெடுப்பு. வெற்றிக்கு 233 வாக்குகள் வேண்டும். முதற் சுற்றிலே சூவாட்டுக்கு 173½, லிங்கனுக்கு 102. இந்தியானாவின் 26 வாக்குகளும் தொடக்கத்திலேயே லிங்கனிடம் வந்திருந்தன. இரண்டாஞ் சுற்றிலே பென்சில்வேனியாவின் பெரும்பகுதி லிங்கன் பக்கம் திரும்பிற்று: சூவாட்டுக்கு 184½, லிங்கனுக்கு 181. மூன்றாஞ் சுற்றின் முடிவிலே லிங்கனுக்கு இன்னும் ஒன்றரை வாக்கே குறைந்தது. ஓகாயோ மாநிலத்தார் எழுந்து நான்கு வாக்குகளை மாற்றினர், மண்டபம் அதிர்ந்தது.

வென்றபின் கடன் கேட்டு வந்தது. 1860 திசெம்பர் இறுதியிலே கமெறனுக்கு மந்திரிப் பதவி தருவதாக லிங்கன் கடிதம் எழுதினார். அவர்மீது முறைப்பாடுகள் குவியவே, சில நாட்களில் அதனைத் திருப்பிக்கொள்ள முயன்றார். முடியவில்லை. 1861 மார்ச்சிலே கமெறன் யுத்த மந்திரியானார். அடுத்த மாதமே உள்நாட்டுப் போர் மூண்டது. படைக்குக் குதிரையும் துப்பாக்கியும் வாங்கியதிலே ஊழலும் வீண்செலவும் மலிந்தன என்ற கூக்குரல் எங்கும் எழுந்தது. 1862 ஜனவரியில் அவர் ருஷ்யாவுக்குத் தூதராக அனுப்பப்பட்டார். அவ்வாண்டே பிரதிநிதிகள் சபை அவரைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. அப்பொழுது லிங்கன் செய்தது கவனிக்கத்தக்கது. போரின் தொடக்கத்தில் நடந்த அவசரக் காரியங்களுக்குத் தாமும் ஏனைய மந்திரிகளும் பொறுப்பாளிகளே என்று காங்கிரசுக்கு எழுதினார்.

சிக்காகோவிலே தம்மைக் கட்டவேண்டாம் என்றவர், தாம் கொடுக்காத வாக்கின் பயனையும் பழியையும் ஒருங்கே ஏற்றுக்கொண்டார். அந்தச் செய்தியை மீண்டும் நோக்கினால், அது பேரமே கூடாது என்று சொல்லவில்லை என்பது புலப்படும். பேரம் தம்மைத் தொடக்கூடாது என்றே சொல்லிற்று. லிங்கன் அரசியலிலே கைக்குழந்தையல்லர். டேவிஸ் எப்படிப்பட்டவர் என்பதும் அவர் நன்கறிந்ததே. தூரத்தில் இருப்பவரின் கை சுத்தமாய் இருப்பது, அருகே நிற்பவர் தம் கையை அழுக்காக்குவதாலேதான்.

டேவிஸின் பிற்காலம் இன்னும் விந்தையானது. 1862ஆம் ஆண்டு லிங்கன் அவரை அமெரிக்க உயர் நீதிமன்றத்துக்கு நியமித்தார். போர்க்காலத்திலே இந்தியானாவைச் சேர்ந்த மில்லிகன் என்னும் குடிமகனுக்கு இராணுவ நீதிமன்றமொன்று மரணதண்டனை விதித்திருந்தது. அவ்வழக்கு 1866ஆம் ஆண்டு உயர் நீதிமன்றத்தின் முன் வந்தபோது தீர்ப்பை எழுதியவர் டேவிஸ். சாதாரண நீதிமன்றங்கள் திறந்திருக்கும் இடத்திலே, போர்க்காலமாயினும், குடிமக்களை இராணுவம் விசாரித்தல் ஆகாது என்று அவர் எழுதினார். தம்மை அவ்விருக்கையில் அமர்த்திய நண்பரின் அரசாங்கம் நடத்திய விசாரணையையே அத்தீர்ப்பு தள்ளியது. நண்பர் இறந்து அப்பொழுது ஓராண்டு கடந்திருந்தது.