குளிர்காலத்தில் ஈஸ்ட்டுக்கு வேண்டிய சூடு

பிரிட்டனில் வீட்டில் பீர் வடிக்க 1963 வரை உரிமம் வேண்டியிருந்தது. அந்த ஆண்டு பட்ஜெட்டில் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் அதை எடுத்துவிட்டார். பிறகு அங்கே மாடிப்படிக்கு அடியிலும் சமையலறை மூலையிலும் 23 லிட்டர் பிளாஸ்டிக் வாளிகள் இடம்பிடித்தன. ஜனவரி வந்தால் வீட்டில் பீர் வடிப்பவர்களுக்கெல்லாம் ஒரே கவலை: ராத்திரி வீட்டுச் சூடு அணைந்தபின் வாளிக்குள் என்ன ஆகும்?

ஏல் வகை பீருக்கான ஈஸ்ட்டுக்குப் பெரும்பாலும் 18 முதல் 22 டிகிரி செல்சியஸ் வரை வேண்டும். அதைவிட நன்றாகக் குளிர்ந்தால் சோர்ந்துவிடும். லாகர் ஈஸ்ட்டுக்கோ பத்துப் பன்னிரண்டு டிகிரியே போதும். சூடாக்கும் தொல்லையே வேண்டாம் என்பவர்கள் பனிக்காலத்தில் லாகருக்கு மாறிவிடலாம். அது மிக நல்ல வழி. நார்வேயின் வோஸ் பகுதிப் பண்ணைகளில் நேர் எதிர்: குவைக் எனும் அவர்களுடைய ஈஸ்ட் 30 டிகிரிக்கு மேலேதான் உற்சாகமாக வேலை செய்யும். அங்கே பாத்திரத்தைப் போர்த்தியே வைப்பார்கள்.

பலர் ஈஸ்ட் போட்ட முதல் இரண்டு நாள்தான் பதறுகிறார்கள். ஆனால் நுரை பொங்கி நிற்கும் அந்த நேரத்தில் ஈஸ்ட் தானே சூட்டை உண்டாக்குகிறது. உள்ளே இருக்கும் பீர் அறையைவிடச் சில டிகிரி கூடுதலாகவே இருக்கும். ஒரு கம்பளி சுற்றினால் போதும். ஆபத்து அதற்குப் பிறகுதான். சர்க்கரை தீரத் தீர அந்தச் சூடும் அடங்கும். வாளி அறையின் குளிருக்கே இறங்கும். ஈஸ்ட் அடியில் படிந்து ஓய்ந்துவிடும். நொதித்தலில் உண்டாகும் டையசெட்டைல் என்ற பொருளை ஈஸ்ட் இந்தக் கடைசிக் கட்டத்தில்தான் உறிஞ்சித் தீர்க்க வேண்டும். அது நடக்காவிட்டால் பீரில் வெண்ணெய் வாடை நின்றுவிடும். ஆகவே, நுரை அடங்கும்போதுதான் சூட்டை ஓரிரு டிகிரி கூட்ட வேண்டும். அப்போது கம்பளியை மட்டும் நம்ப முடியாது. கம்பளி இருக்கும் சூட்டைக் காக்குமே தவிர, புதிதாகத் தராது.

எனக்குப் பிடித்த முறை தண்ணீர்த் தொட்டி. வாளியை ஒரு பெரிய தொட்டியில் வைத்துச் சுற்றிலும் தண்ணீர் ஊற்றி, அதில் மீன்தொட்டி ஹீட்டரைப் போட்டுவிடலாம். தண்ணீர் மெதுவாகச் சூடாகும், மெதுவாகவே ஆறும். இரவும் பகலும் ஒரே நிலை இருக்கும். ஹீட்டர் தண்ணீரில் மூழ்கியபின்தான் சுவிட்சைப் போட வேண்டும். வாளியைச் சுற்றிக் கட்டும் சூட்டுப் பட்டையும் கடையில் கிடைக்கும். ஆனால் தெர்மோஸ்டாட் இல்லாமல் அதை விட்டுவைக்காதீர்கள். ஏல் 25 டிகிரியைத் தாண்டினால் காரமான சாராய நெடி ஏறிவிடும். தெர்மோஸ்டாட்டின் உணர்முனையை அறையில் தொங்கவிடாமல், வாளிச் சுவரோடு ஒட்டி மேலே துணி சுற்றுங்கள். ஈஸ்ட்டுக்குத் தெரிவது பீரின் சூடு மட்டுமே.

பாட்டிலில் அடைக்கும் முன், பீரின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டுப் பாருங்கள். குளிரில் உறங்கிய ஈஸ்ட்டும் வேலை முடித்த ஈஸ்ட்டும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். வாளியைச் சூட்டில் வைத்திருந்தும் இரண்டு மூன்று நாள் அளவு மாறவில்லை, அதுவும் அந்த பீருக்குரிய இறுதி அளவை ஒட்டியிருக்கிறது என்றால் அடைக்கலாம். மீதிச் சர்க்கரையோடு அடைத்தால், வெயில் வந்ததும் ஈஸ்ட் மறுபடி விழித்து, பாட்டில் வெடிக்கும்.