ஈடும் நாணயமும்



"வீடும் நிலமும் இருக்கப் பாங்கியார் கடன் மறுப்பதேன்?" என நம்மவர் பலர் வினவுகின்றனர். ஈடு கடைசிக் காவலே. வியாபார வருவாயிலிருந்து தவணை வருமா என்பதே அவர்கள் முதலில் ஆராய்வது. அதற்காகக் கணக்குப் புத்தகம், வரி விவரம், பாங்கிக் கணக்கின் வரவு செலவு ஆகிய மூன்றையும் ஒத்துப் பார்ப்பர். ஓராண்டுக்குள் தீர்க்கவேண்டிய கடன் 100 ரூபாயாயின், சரக்கும் வரவேண்டிய பாக்கியும் ரொக்கமும் சேர்ந்து 133 ரூபாயளவு இருத்தல் வேண்டுமென்பது, 1975-ஆம் ஆண்டு டாண்டன் குழுவின் அறிக்கை தொட்டு வழங்கும் அளவுகோல்.

அடுத்து நாணயம். 2000-ஆம் ஆண்டில் தோன்றிய சிபில் முதலிய தகவல் நிறுவனங்களில் தவணைத் தாமதங்கள் யாவும் பதிவாகின்றன. 90 நாட்களுக்கு மேல் நின்ற தவணை அக்கடனை வாராக்கடனாக்கும்.

இங்கேதான் நமக்கு ஆபத்து. உறவினருக்கு ஜாமீன் மறுத்தல் நம்முள் பெருங்குறையாம். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமோ, வேறு நிபந்தனை இல்லாவிடில், ஜாமீன்தாரரின் பொறுப்பைக் கடன்பட்டவர் பொறுப்புக்குச் சமமாக்குகிறது. என் மைத்துனருக்காக யான் கணக்குப் பாராது ஒப்பமிட்டேன். அவர் தவணை தவறவே, என் கடைக்கே கடன் கிடைக்கவில்லை.

ஆதலின், கணக்கைப் பார்த்த பின்னரே கையொப்பமிடுவீர்களாக! கணக்குக் கேட்பதை உறவினரும் அவமதிப்பென்று கருதாதிருப்பாராக!