உச்சிவெயிலும் நல்ல வெளிச்சம்தான்



கிராமத்துப் புகைப்படம் என்றதும் நம் கண்முன் வருவது எது? பனி மூடிய காலையில் ஒரு மாட்டுவண்டி. பொழுது சாயும் நேரத்தில் வரப்பில் நடந்துபோகும் ஓர் உருவம். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் இப்படிப்பட்ட படங்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தால், ஊரில் யாருமே வேலை செய்வதில்லை என்றுதான் தோன்றும். வயலில் வேலை மும்முரமாக நடக்கிற நேரத்தில், படம் எடுக்க வந்தவர் வெளிச்சம் சரியில்லை என்று மரத்தடியில் உட்கார்ந்துவிடுகிறார். அந்தச் சரியில்லாத வெளிச்சத்துக்காகப் பரிந்து பேசத்தான் இன்று வந்திருக்கிறேன்.

நான் படம் எடுப்பது பெரும்பாலும் காவிரி டெல்டாவில், தஞ்சாவூரைச் சுற்றி. காலையிலும் மாலையிலும் பொன்னிறமாக ஒரு மணி நேரம் வெளிச்சம் கிடைக்கும் என்று புகைப்படப் பாடங்களில் சொல்வார்கள். குளிர்நாடுகளில் சூரியன் சாய்வாக இறங்கும். அங்கே அந்தக் கணக்கு சரி. நம் ஊரில் ஏறக்குறைய நேராக இறங்கிவிடுகிறது. அந்தப் பொன்னிறம் நமக்கு அரைமணி நேரம் நின்றாலே அதிகம். அதை மட்டும் நம்பினால் மிச்சப் பகல் முழுவதும் வீண்.

அந்த மிச்சப் பகலும் மாதத்துக்கு மாதம் மாறுகிறது. தஞ்சாவூரில் சூரியன் நேர் உச்சிக்கு வருவது வருடத்தில் இரண்டே முறை: சித்திரைத் தொடக்கத்தில் ஒன்று, ஆவணி முதல் பாதியில் ஒன்று. இடைப்பட்ட ஆனி, ஆடியில் மத்தியான வெயில் வடக்கே சாய்ந்து, வடக்குப் பார்த்த வீட்டுத் திண்ணையைத் தொடும். மார்கழியில் தெற்கே இறங்கிவிடும். நடுப்பகலில்கூட 58 டிகிரி உயரத்துக்கு மேல் ஏறாது. அதனால்தான் மார்கழியில் காலை ஒன்பது மணிக்குக்கூட வாசல் கோலத்தின் இழைகள் புடைத்துத் தெரிகின்றன. சித்திரையில் அதே நேரத்தில் அதே கோலம் தட்டையாகிவிடும்.

சித்திரை, வைகாசியில் அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போடுவார்கள். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து மேய்ப்பர்களான கீதாரிகள் மந்தையை ஓட்டிக்கொண்டு வருவார்கள். மந்தை கிளப்பும் புழுதிக்கு எதிர்வெயில் வேண்டும்; சூரியனைப் பார்த்தபடி நின்று எடுத்தால் ஒவ்வொரு ஆட்டின் முதுகிலும் ஒரு வெள்ளிக்கோடு விழும்.

ஜூன் 12 டெல்டாப் பாசனத்துக்கு மேட்டூர் அணை திறக்கிற வழக்கமான நாள். அணையில் தண்ணீர் இருந்து, திறந்துவிட்டால் குறுவை நெல் நடவு களைகட்டும். உச்சிவெயில் தன் திறமையைக் காட்டுவது அப்போதுதான். புடவைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு, இடது கையில் நாற்றுமுடி. பெண்கள் வரிசையாகக் குனிந்து, நட்டுக்கொண்டே பின்னால் நகர்கிறார்கள். வெயில் முழுவதும் முதுகில்தான் விழுகிறது. முகம் நிழலில் இருக்கிறது. ஆனால் காலடியில் தேங்கி நிற்கும் தண்ணீரில் பட்ட வெயில் கீழிருந்து மேலே எழும்பி, தாடையிலும் கன்னத்திலும் அசைந்தாடுகிறது. மூக்குத்தி ஒரு கணம் மின்னி அணைகிறது. மாலை வெயிலில் இது கிடைக்காது. வரப்பில் நின்று எடுத்தாலும் கிடைக்காது. வெறும் முதுகுகள்தான் கிடைக்கும். சேற்றில் இறங்கி, கேமராவைத் தண்ணீர் மட்டத்துக்குத் தாழ்த்த வேண்டும்.

கையில் செல்போன்தான் இருக்கிறதா? கவலை வேண்டாம். பளபளக்கும் தண்ணீரைப் பார்த்துவிட்டு போன் வெளிச்சத்தைக் குறைத்து, முகத்தைக் கறுப்பாக்கிவிடும். திரையில் முகத்தின் மேல் விரலால் தொடுங்கள், முகம் தெளிந்துவிடும். மார்கழிப் பனிக்கும் இதே வைத்தியம்தான்: வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தால்தான் பனி வெள்ளையாக வரும், இல்லையென்றால் புகைமூட்டமாகத் தெரியும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நிழலே இருக்காது. கூரைக்கடியில் சாணை பிடிப்பவரின் விரல்கள், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வானத்தைப் பார்க்கும் விவசாயியின் நெற்றிச் சுருக்கம் என்று பக்கத்தில் போய் எடுக்க வேண்டியவற்றுக்கு அந்த வெளிச்சம் பொருந்தும்.

தை, மாசியில் சம்பா அறுவடை. இன்று பெரும்பாலும் மிஷின்தான் அறுக்கிறது. களம் போதாமல் தார்ச்சாலையிலேயே நெல்லைக் கொட்டிக் காயவைக்கிறார்கள். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது கொள்முதல் நிலையத்தில் பொது விதி. அதற்காக நல்ல வெயிலில், நெல்லுக்குள் காலை இழுத்து இழுத்து நடந்து கிளறிவிடுகிறார்கள். நெல்மேல் நீளநீளமாகக் கால் தடங்கள். படம் எடுப்பவருக்கு ஆகாத அந்த மத்தியான வெயில்தான் அவர்களுக்கு அன்றைய வருமானம். அந்த வெயிலை விட்டுவிட்டு எடுத்த படம் அவர்களைப் பற்றிய படமாகாது.

பத்திரிகையாளர் பி. சாய்நாத் கிராமத்துப் பெண்களின் உழைப்பை மட்டுமே படமெடுத்து ஒரு கண்காட்சி அமைத்தார். சுமப்பதும் குனிவதும் அள்ளுவதுமான அந்த வேலைகள் நல்ல வெளிச்சம் வரட்டும் என்று காத்திருப்பதில்லை.

ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன். எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள். எடுத்த பிறகு ஒரு பிரதியைக் கொண்டுபோய்க் கொடுங்கள். அதன் பின்புறம் மாதம், ஊர், பயிர், என்ன வேலை என்று எழுதிக் கொடுங்கள். நடவுக்கும் மிஷின் வந்துகொண்டிருக்கிறது. கைநடவு எப்படி இருந்தது என்று நாளைக்கு யாராவது கேட்டால், அந்த நான்கு வரியும் சேர்ந்தால்தான் உங்கள் படம் பதில் சொல்லும்.